முயல் நெஞ்சுக்குக் காவல் இருந்த வருஷம்

முயலின் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று பார்க்கச் சீமையிலிருந்து மெஷின் வரவழைத்தவர்கள், முயலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள்; எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

எழுபதுகளில் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம், பஞ்சுப் பொதி அடுக்குகிற கிட்டங்கி (குடோன்) ஒன்றின் பாதியைப் பலகை அடித்துத் தடுத்து, ஒரு மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு நடந்தது. முத்துக்கும் சங்குக்கும் மூச்சை அடக்கிக் கடலுக்குள் போகிறவர்களின் இதயம் தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதை முதலில் முயலை வைத்துப் பார்த்தார்கள். முயலின் மூக்கில் ஈரத்துணியைச் சற்று நேரம் வைத்தால் போதும். அதுவும் மூச்சை அடக்கும், அதன் இதயமும் மெதுவாகும். இதை அளப்பதற்கு இரண்டு மெஷின்கள். ஒன்று ஓடுகிற காகிதத்தில் மைப்பேனாவால் கோடு போடும். ஒவ்வொரு துடிப்புக்கும் கோட்டில் ஒரு மேடு. இன்னொன்று அல்ட்ராசவுண்ட் மெஷின். நம் காதுக்கு எட்டாத சத்தத்தைச் சின்னக் குழாய் ஒன்றின் வழியே உடம்புக்குள் அனுப்பும். ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பி வருவதை நமக்குக் கேட்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். ஈரச் சேலையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து உதறினால் ஒரு சத்தம் வருமே, அதுதான். முயலுக்கு எண்ண முடியாத வேகத்தில் உதறும்.

அங்கே நாங்கள் நாலு பேர். டாக்டர் தனராஜ் நாசரேத்துக்காரர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. மெஷின் பார்க்கிற சேவியர் பெரியதாழைக்காரர். ரேடியோ ரிப்பேர் படித்தவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், கேலி பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. சாத்தான்குளத்து ஞானமுத்து சார் ஹெட்கிளார்க். நாலாவது ஆள் நான், முயலைப் பிடிக்கிறவள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். கண் மங்கிப்போய் வண்டியை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு முத்தையாபுரத்திலிருந்து காலையில் பஸ் ஏறுகிறவள் நானாகிவிட்டேன்.

வேலை தினக்கூலி. ஒரு வருஷம் கழித்து ஒரு கமிட்டி வரும், வேலை சரியாக நடக்கிறது என்று அவர்கள் எழுதிக்கொடுத்தால் பிரிவு தொடரும், என்னையும் நிரந்தரமாக்குவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் மெஷின்கள் மெட்ராஸ் போகும். முயல்கள் யாரிடமாவது போகும். நான் வீட்டுக்குப் போவேன். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே தினக்கூலிக்குப் போனவர்கள் இதைப் படித்தால், அந்த ஒரு வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டிங்

முயலுக்கு அடர்ந்த முடி. அதை ஒட்ட வெட்டினால்தான் அல்ட்ராசவுண்ட் குழாய் தோலில் படியும். நான் வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டப் போய், முதல் முயலின் கழுத்து பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகிவிட்டது. தோலில் கீறல் விழுந்துவிடுமோ என்று பாதியிலேயே நிறுத்திவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதவர்களிடம் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் மார்க்கெட் பக்கத்துச் சலூனிலிருந்து மாடசாமி என்பவரைச் சேவியர் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாடசாமி பெட்டியைத் திறந்தார், வழக்கப்படி வெள்ளைத் துணியை எடுத்து உதறி முயலின் கழுத்தில் கட்டினார். கட்டிய பிறகுதான் வெட்ட வேண்டியதே கழுத்து என்று தெரிந்து அவிழ்த்தார். வேலை சுத்தமான வேலை. கையால் அமுக்கி முடி வெட்டுகிற அந்த மெஷினை அவர் ஓட்டுகிற அழகைப் பார்த்துத்தான் நானும் பிறகு கற்றுக்கொண்டேன். பாதி வெட்டும்போது நிறுத்தினார். ஏதோ யோசனை போலிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"மீசையைத் தொடணுமா கூடாதான்னு இப்பமே சொல்லிருங்க தாயி, அப்புறம் எந்திரிச்சுப் பாத்துட்டு என்னைய ஏசுனா நான் பொறுப்பில்ல."

ஜவ்வரிசி

குழாய்க்கும் தோலுக்கும் நடுவில் துளி காற்று இருந்தாலும் அல்ட்ராசவுண்ட் உள்ளே போகாது. அதனால் ஒரு பசை தடவ வேண்டும். அது மெட்ராஸிலிருந்து டியூபில் வரும். ஒரு தடவை பசை தீர்ந்து, பார்சல் எங்கோ மாட்டிக்கொண்டு, மூன்று வாரம் வரவில்லை. முதலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம். சத்தம் கேட்டது. ஆனால் எண்ணெய் பூசிய முயலைப் பிடிப்பது விரால் மீனைப் பிடிப்பது மாதிரி. வழுக்கிக்கொண்டு போய், பக்கத்துக் கிட்டங்கிப் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவில் புகுந்துவிட்டது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எனக்காக முயல் தேடினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஜவ்வரிசியைக் கொதிக்கவிட்டு, கரைந்து கண்ணாடி மாதிரி வந்ததும் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, ஒரு பாட்டிலில் எடுத்துப் போனேன். டியூப் பசையைவிட நன்றாகக் கேட்டது. டாக்டருக்கு ஆச்சரியம். எனக்கு ஒரு நாள் முழுக்க நிம்மதி. மறுநாள் காலையில் குழாய் வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் ஒரே எறும்பு. குழாயையே தூக்கிக்கொண்டு போய்விடும் போல மொய்த்திருந்தது. முயலோ தன் கழுத்தை நக்க முடியாமல் என் கையை நக்கிக்கொண்டிருந்தது. நான் குழாயைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது சேவியர் வந்து எட்டிப் பார்த்தார்.

"யக்கா, நாளைக்குக் கொஞ்சம் சீனியும் ஏலக்காயும் சேத்துக் கொண்டாங்க, எறும்போட நாங்களும் உக்காந்துக்கிடுதோம்."

பஸ்ஸில்

முத்தையாபுரம் பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்காருகிற ஒரு பெண், துறைமுகத்துப் பக்கம் கம்பெனி ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறவள், நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டாள். முயலுக்கு இதயம் பார்க்கிற இடம் என்றேன். அவள் நம்பவில்லை. மெஷின், பேனா, காகிதம், சேலை உதறுகிற சத்தம் எல்லாவற்றையும் விளக்கினேன். இறங்கும் இடம் வரும்வரை யோசனையாகவே வந்தாள். சீக்கு இல்லாத முயலுக்கு எதற்கு டாக்டர் என்று கேட்பாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"எங்க வீட்டு மனுசரையும் ஒருநாள் கூட்டிட்டு வாரேன், ஒண்ணும் அளக்க வேண்டாம், உள்ள அப்படி ஒண்ணு இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

புளி

கடற்கரையில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். காலையில் துடைத்தால் மத்தியானம் பிசுபிசுக்கும். வயர்களின் முனையில் உலோகக் கூடு ஒன்று இருக்கும். அதைத்தான் மெஷினில் செருக வேண்டும். அது கறுத்துப் பச்சை படியத் தொடங்கியது. கோடு விட்டுவிட்டு வந்தது. கமிட்டி வருகிற நாளில் இப்படி ஆனால் என்ன கதி என்று எனக்கு உள்ளுக்குள் அரிப்பு. உலோகம் கறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கும் தெரியும். ஒரு சனிக்கிழமை எல்லாக் கூடுகளையும் கழற்றி, புளியும் சாம்பலும் போட்டு, எங்கள் வீட்டுக் குத்துவிளக்குக்குக்கூடக் கொடுக்காத மரியாதை கொடுத்துத் தேய்த்தேன். தகதகவென்று இருந்தது. திங்கட்கிழமை ஒரு கோடும் வரவில்லை.

மெட்ராஸிலிருந்து கம்பெனி எஞ்சினியர் வந்தார். மூடியைக் கழற்றி, ஒவ்வொரு கூடாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவற்றின் மேல் வெள்ளி முலாம் பூசியிருப்பார்களாம். அந்த முலாம் முழுவதும் என் சாம்பலோடு போய்விட்டது. உள்ளே புகுந்த புளித்தண்ணீர் மீதியைப் பார்த்துக்கொண்டது. யார் செய்தது என்று அவர் கேட்டார். சேவியர் சுவரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். இன்றோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த கூட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பதினெட்டு வருஷமா சர்வீஸ் பண்றேன் அம்மா, இந்த மெஷினை அழுக்கா வெச்சிருந்து கெடுத்தவங்களைத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன்."

செவ்வாய்க்கிழமைகள்

புதுக் கூடுகள் வந்தன. கோடும் ஒழுங்காக வந்தது. ஆனால் டாக்டர் பழைய காகிதச் சுருள்களை வரிசையாகத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். செவ்வாய்க்கிழமை எடுத்த கோடுகள் மட்டும் மற்ற நாள்களைவிட நெருக்கமாக இருந்தன. அதாவது செவ்வாய்க்கிழமை எல்லா முயலுக்கும் நெஞ்சு வேகமாக அடிக்கிறது. தீனியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அன்றைக்குத் துறைமுகத்தில் கப்பல் சத்தம் அதிகமோ என்றுகூடக் கேட்டு வரச் சொன்னார்.

கடைசியில் என்னிடம் வந்தார். செவ்வாய்க்கிழமை வீட்டில் என்ன விசேஷம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்றுதான் என் வீட்டுக்காரர் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். ரோட்டைக் கடந்தாரா, பஸ் நம்பரைச் சரியாகப் படித்தாரா என்ற நினைப்பிலேயே நான் முயலைப் பிடித்துக்கொண்டிருப்பேன். என் கை எப்படி இருந்ததோ, முயலுக்குத்தான் தெரியும். டாக்டர் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து, முயலைத் தொடுவதற்கு முன்னால் நான் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தார். செவ்வாய்க்கிழமைகளில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தால் போதும் என்றும் சொன்னார். கோபமா என்று கேட்டேன்.

"கோபமில்லம்மா, முயலுக்கு இருக்க கவலையே எங்களுக்குப் போதும், உங்க வீட்டுக் கவலையையும் சேர்த்து அதோட நெஞ்சை அடிக்க வைக்கக்கூடாது."

மூச்சை அடக்கியவர்

முயலின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு சங்கு குளிக்கிறவரின் துடிப்பையும் எடுத்துப் பார்க்க டாக்டர் ஆசைப்பட்டார். சேவியர் தன் உறவுக்காரர் சிலுவை அண்ணாச்சியைக் கூட்டி வந்தார். ஐம்பது வயது, கருங்கல் மாதிரி உடம்பு. உட்காரவைத்து, உடம்பில் வயர் மாட்டி, மணிக்கட்டில் அல்ட்ராசவுண்ட் குழாயை வைத்து நான் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சை அடக்க வேண்டும்.

சேலை உதறுகிற சத்தம் முதலில் சரியாகக் கேட்டது. பிறகு மெதுவானது. இன்னும் மெதுவானது. ஒன்று உதறும், அடுத்தது வருமா வராதா என்று நான் காத்திருப்பேன், வரும். அதற்கு அடுத்தது வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இந்த மனிதர் இங்கே செத்துவிட்டால் கமிட்டி வராது, போலீஸ்தான் வரும். டாக்டர் அமைதியாகக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னால் பொறுக்க முடியவில்லை. குழாயைப் போட்டுவிட்டு அண்ணாச்சியின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவர் நிதானமாகத் தலையைத் தூக்கினார், முகத்தை வழித்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏளா, நான் போயிட்டா எம் பொஞ்சாதிக்கு நீதான் சொல்லி அனுப்பணும், அது வரைக்கும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இரி."

பாரம்

கமிட்டி வரும் நாள் குறித்துக் கடிதம் வந்தது. ஞானமுத்து சார் எனக்காக ஒரு பாரம் தட்டச்சு செய்தார். பெயர், ஊர், வயது எல்லாம் ஆயிற்று. படிப்பு என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. நிரந்தர வேலைக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்பது விதி. நான் தாமிரபரணிக் கரையில் நடவுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள். கமிட்டி மனது வைத்தால் விதியைத் தளர்த்தலாம் என்று டாக்டர் சொன்னார். மனது வைப்பார்களா என்று நான் கேட்டேன். டாக்டர் கமிட்டிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார்.

ஞானமுத்து சாருக்கு என் மேல் இரக்கம் உண்டு. ஆனால் அதை ஒருநாளும் நேராகக் காட்டமாட்டார். முயல்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொன்றும் வந்த தேதி, எடை, நம்பர் எல்லாம் அதில் இருக்கும். தினக்கூலிக்காரர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. அவர் பாரத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணாங் கிளாஸ்கூடப் படிக்காத முயலுக்கு ஆபீஸ்ல நம்பர் இருக்கு, அஞ்சாங் கிளாஸ் படிச்ச உனக்கு இல்ல பாத்துக்க."

எட்டுப் பேர்

கமிட்டி வந்தது. எட்டுப் பேர். தலைவர் மெட்ராஸில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நரைத்த தலை, தமிழ் பேசுகிறவர். மற்றவர்களில் பாதிப் பேர் டெல்லி. காலை பதினொரு மணிக்குத் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். பதினோராம் நம்பர் முயலை அதற்கென்று செய்த மரப்பெட்டியில், தலை வெளியே தெரிகிற மாதிரி உட்கார்த்தி, பெட்டிக்குள் கையை விட்டு அதன் நெஞ்சுக்கு அடியில் கொடுத்து நான் தரையில் உட்கார்ந்து பிடித்திருந்தேன். அதன் உடம்பிலிருந்து வயர் மெஷினுக்குப் போகிறது. பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அல்ட்ராசவுண்ட் சத்தத்தைச் சேவியர் அடக்கி வைத்திருந்தார். கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட ஒருவர் கோட்டைப் பார்த்துவிட்டு 'வெரி ஸ்டெடி' என்று பாராட்டினார். எனக்குத் தெரிந்த சில ஆங்கில வார்த்தைகளில் அது ஒன்று.

நானும் கோட்டைப் பார்த்தேன். தண்டவாளத்துக் கட்டைகள் மாதிரி மேடுகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் போயின. ஆனால் என் உள்ளங்கையில் முயலின் நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மெஷினில் ஒரு திருகு உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் முயலின் துடிப்பு வரும். மறுபக்கம் திருப்பினால் மெஷின் தானே ஒரு பொய்த் துடிப்பை உண்டாக்கிக் கோடு போடும். தராசைச் சரிபார்க்க எடைக்கல் வைப்பது போல, பேனா சரியாக எழுதுகிறதா என்று பார்ப்பதற்கு அது. காலையில் சேவியர் பேனாவைச் சோதித்திருக்கிறார். திருகைத் திரும்ப மாற்ற மறந்துவிட்டார். எட்டுப் பேரும் பாராட்டிக்கொண்டிருந்தது முயலை அல்ல.

சேவியருக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். திருகைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், மறுபடி திருகைப் பார்த்தேன். அவர் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனார். வந்தவர்களுக்குக் கலர் சோடா வாங்கச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் முயலோடு தனியாக மாட்டிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லாம் நல்லபடி முடியும். பாராட்டு கிடைத்துவிட்டது, விதியைத் தளர்த்துவார்கள். வாயைத் திறந்தால் டெல்லிக்காரர்கள் முன்னால் டாக்டரின் மானம் போகும், மெஷின் மெட்ராஸ் போகும், நான் வீட்டுக்குப் போவேன். இருக்கட்டும் என்றுதான் முடிவு செய்தேன். அப்போது தலைவர் அந்தக் காகிதத்தை நீளமாகக் கிழித்தெடுத்து, அறிக்கையோடு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி, டாக்டரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். டாக்டர் குனிந்து பார்க்காமலே பேனாவைத் திறந்தார். பொய்க் கோட்டுக்குக் கீழே அவர் பெயர் வரப்போகிறது.

"சார், அது முயல் இல்ல" என்றேன்.

எட்டுப் பேரும் என் முன்னால் இருந்த பெட்டியைப் பார்த்தார்கள். அங்கே காதும் மீசையுமாக முயல் இருந்தது. கையில் இருப்பது முயல்தான், காகிதத்தில் இருப்பதுதான் முயல் இல்லை என்று திருத்திச் சொன்னேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. எப்படிச் சொல்கிறாய் என்று தலைவர் கேட்டார். "எட்டுப் பேரு பூட்ஸ் போட்டுக்கிட்டு உள்ள வந்திருக்கிய. சிலது பயந்தா வேகமா அடிக்கும், சிலது நின்ன மாதிரி மெதுவாப் போவும். ஒண்ணுமே மாறாம இருந்தா அது முயல் நெஞ்சு இல்ல சார்." டாக்டர் திரும்பினார், திருகைப் பார்த்தார். அதைச் சரியான பக்கம் திருப்பினார். பேனா துள்ளியது. காகிதம் முழுக்க மேடும் பள்ளமுமாக, மை தெறித்து, பார்க்கச் சகிக்காத ஒரு கோடு வந்தது. தவறு எங்களுடையது என்று டாக்டர் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு, எனக்காக என்று நினைக்கிறேன், தமிழிலும் சொன்னார்.

தலைவர் என் பக்கத்தில் வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் கையை விட்டு முயலின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். திரும்ப நெஞ்சைத் தொட்டார். பிறகு அசிங்கமான அந்தக் கோட்டை மை காயும்வரை பிடித்திருந்து, டாக்டரிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

"இதை நான் கொண்டு போறேன் தனராஜ், அந்த அழகானதை நீங்க சட்டம் போட்டு மாட்டிக்குங்க."

கோபம்

சேவியர் இரண்டு கையிலும் கலர் பாட்டில்களோடு உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. கேலி இல்லாத அந்தக் கிட்டங்கி எனக்குப் பழகவே இல்லை. அவர் வேலைக்கும் ஆபத்து வருமோ என்று நான் தனியாகக் கவலைப்பட்டேன். அவரிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கப் போய், முயலுக்குத் தீனி போடுகிற மாதிரி நடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நாலாம் நாள், திருகின் மேல் சிவப்பு மையால் பெரிதாக ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார். நான்தான் ஜாடை காட்டினேனே என்று சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் அவர் திரும்பினார்.

"யக்கா, சாதாரண நாள்லயே உங்க முகம் வீடு பத்தி எரியுத மாதிரிதான் இருக்கும், அதுல எது ஜாடை, எது சும்மான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

உத்தரவு

கடிதம் வருவதற்கு நாளாயிற்று. அதுவரை தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே நான் முயலைப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். அந்த நேரத்தில் அதைப் பிடித்திருந்தால் கோடு கெட்டுப்போகும். ஒருநாள் ஞானமுத்து சார் உறையைப் பிரித்து, எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். பிரிவு தூத்துக்குடியிலேயே தொடரும். மெஷின்கள் இங்கேயே இருக்கும். பரிசோதனை நேரத்தில் கவனமாக இருந்ததற்காக, படிப்பு விதியைத் தளர்த்தி எனக்கு நிரந்தர வேலை. டாக்டர் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார். நான் அழுதேனா என்று எனக்கு நினைவில்லை; அழுதேன் என்று சேவியர் சொல்கிறார்.

கடைசி வரி ஒன்று மீதி இருந்தது. ஞானமுத்து சார் அதை மட்டும் மெதுவாக வாசித்தார். முதல் ஒரு வருஷம் தகுதிகாண் பருவம், வேலை திருப்தியாக இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று இருந்தது. இன்னும் ஒரு வருஷமா என்று கேட்டேன். அவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"வருத்தப்படாத தாயி, போன வருஷம் நீ பட்டது தினக்கூலிக் கவலை, இனிமே படப்போறது சர்க்கார் கவலை, இதுக்கு லீவு உண்டு."

நிரந்தர வேலை கிடைத்தால் தூக்கம் வரும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: அதுவரை வேலை போய்விடுமோ என்று மட்டும் பயந்தவள், அன்றிலிருந்து ரிட்டையர் ஆகிற ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் இந்த முயல்களை யார் பிடித்துக்கொண்டிருப்பது என்றும் சேர்த்துப் பயப்பட ஆரம்பித்தேன்.